ஆம்பூரில் இரண்டு ஐந்தொகை

எண்பதுகளில் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் பல டேனரிகளில் வருஷத்துக்கு இரண்டு ஐந்தொகை போடுவார்கள். ஒன்று வருமான வரி ஆபீசுக்கு. அது ஆங்கிலத்தில், ஆடிட்டர் கையெழுத்தோடு இருக்கும். இன்னொன்று ரமலான் மாதத்தில், ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஜகாத் பார்ப்பதற்கு. அது உருதுவில், கணக்கெழுதும் முன்ஷியின் கையெழுத்தில், நீளவாக்கில் மடித்த ஒரு சிட்டாவில் இருக்கும். முதலாவதைச் சரிபார்க்க வேலூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். இரண்டாவதைச் சரிபார்க்க மனிதர் யாரும் வரமாட்டார்கள். ஆனால் அதை எழுதும்போது முன்ஷிகள் காட்டிய கவனத்தை நான் பிறகு பார்த்த எந்தப் பெரிய கம்பெனியிலும் பார்த்ததில்லை.

நான் ஆடிட்டருக்குப் படித்தது இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே உட்கார்ந்துதான். ‘பையன் ஆடிட்டருக்குப் படிக்கிறான்’ என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். அதற்கு எத்தனை வருஷம் பிடிக்கும், எத்தனை பேர் பாதியில் விட்டுவிடுவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பா ஒரு டேனரியில் டெஸ்பாட்ச் எழுதிக்கொண்டிருந்தார். எந்த லாரியில் எத்தனை கட்டு, எந்த லாட், எத்தனை சதுர அடி என்று காலையிலிருந்து ராத்திரி வரை எழுதும் வேலை. ஆடிட் ஆட்கள் வந்து அவர் எழுதிய பக்கங்களில் பச்சை மையால் டிக் அடித்துக்கொண்டே போவார்கள். “உங்க எழுத்துல ஒரு பிழையும் இல்ல சார்” என்று ஒரு சின்னப் பையன் சொல்லிவிட்டுப் போன அன்று அப்பா வீட்டுக்கு மக்கன் பேடா வாங்கி வந்தார். அந்தப் பச்சை மையின்மேல் எனக்கு ஆசை விழுந்தது அப்படித்தான்.

பி.காம். படித்தது வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியில். 1919ல் தொடங்கிய கல்லூரி அது. மேல்விஷாரத்தில் தோல் வணிகர் அப்துல் ஹக்கீம் பெயரில் இன்னொரு கல்லூரி இருக்கிறது. தோலில் சம்பாதித்த பணம் பள்ளிக்கூடமாகவும் கல்லூரியாகவும் மாறி நிற்பதை இந்தப் பக்கத்தில் ரயில் நிலையத்துக்கு ரயில் நிலையம் பார்க்கலாம். பட்டம் வாங்கியதும் வேலூர் ஆபீசர்ஸ் லைனில், ஒரு ஆடிட்டரின் மாடி ஆபீசில் ஆர்ட்டிகிள்ஸ் என்ற பயிற்சிக்குச் சேர்ந்தேன். பட்டதாரிகளுக்கு அப்போது மூன்று வருஷம். ஸ்டைபண்ட் என்று கொடுத்தது பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும்.

முதல் வருஷம் முழுக்கக் கேஸ்டிங்தான். பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மேலிருந்து கீழே கூட்டி, பிறகு கீழிருந்து மேலே கூட்டி, இரண்டும் ஒத்துப்போனால் அடியில் ஒரு சின்னக் கோடு. கால்குலேட்டர் இருந்தது. பிரின்சிபல், அதாவது எங்களைப் பயிற்சிக்கு எடுத்த ஆடிட்டர், அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தார். கண்ணாலேயே கூட்டிப் பழக வேண்டும் என்பது அவர் கட்சி. ஆறு மாதத்தில் மூன்று பத்தி எண்களை ஒரே ஓட்டத்தில் கூட்ட வந்துவிட்டது. இருபக்கமும் ஒத்துவராமல் போனால் அந்த வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்போம். மீதி இல்லாமல் போனால் யாரோ 54ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள். பாதியாக்கிப் பார்ப்போம். அந்தத் தொகை எங்காவது இருந்தால் பற்றில் வர வேண்டியது வரவில் ஏறியிருக்கிறது. புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம் கொடுத்திருப்பார்கள். கையில் பேரேட்டை வைத்துக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் பிழையைப் பிடிக்கும்போது கிடைக்கிற சந்தோஷத்துக்குப் புத்தகத்தில் இடமில்லை.

படிப்பு தபாலில் வந்தது. டெல்லியில் உள்ள சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து ஸ்டடி மெட்டீரியல் கட்டாக வரும். டெஸ்ட் பேப்பர்களை வீட்டில் எழுதி அனுப்பினால் யாரோ ஒரு முகம் தெரியாதவர் சிவப்பு மையில் திருத்தி அனுப்புவார். போதுமான பேப்பர்களில் தேறிக் கோச்சிங் சர்டிபிகேட் வாங்கினால்தான் பரீட்சைக்கு உட்காரவே முடியும். புத்தகமென்றால் சுக்லா–கிரேவால், குப்தா–ராதாசாமி, ஆடிட்டிங்குக்கு டாண்டன், வருமான வரிக்கு சிங்கானியா. புதுப் புத்தகம் வாங்க வசதியில்லை. முந்தைய வருஷம் பாஸான அண்ணன்களிடம் வாங்கிய பிரதிகள்தான். வருமான வரிப் புத்தகம் மட்டும் பழசு உதவாது, பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறிவிடும். மாறிய பிரிவுகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி அந்தந்தப் பக்கத்தில் பசை தடவி ஒட்டிக்கொள்வோம். என் பிரதியின் முதுகு அந்த ஒட்டுகளாலேயே பிளந்துபோயிற்று.

எங்கள் ஊர்ப்பக்க டேனரி ஆடிட் வந்தால் என்னைத்தான் அனுப்புவார்கள். அங்கே அப்போது வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை டேனரி ஓடும், நாங்களும் வேலை செய்வோம். அப்படித்தான் முன்ஷி பாயிடம் போய்ச் சேர்ந்தேன். அறுபதைத் தாண்டிய மனிதர். வெள்ளை ஜிப்பா, சட்டைப்பையில் இரண்டு பேனா, காதோரம் ஒரு பென்சில். அப்பாவைத் தெரிந்தவர் என்பதால் முதல் நாளே, “இன்னா தம்பி, அப்பாவுக்கு டிக் அடிக்கவா வந்த?” என்று கேட்டார். நான் தலைகுனிந்து நின்றதைப் பார்த்து, “உக்காரு. கணக்குல அப்பா, புள்ள கிடையாது” என்று தன் பக்கத்திலேயே இடம் போட்டார்.

அவர் எழுதிய பேரேடு இன்னும் கண்ணில் நிற்கிறது. சிவப்புத் துணி உறை, தைத்த முதுகு. எண்களும் தலைப்புகளும் ஆங்கிலத்தில். ஓரத்தில் தனக்கென்று எழுதிக்கொள்ளும் குறிப்புகள் உருதுவில், வலமிருந்து இடமாக. அடித்தல் திருத்தல் கிடையாது. பிழை நேர்ந்தால் ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பார். தவறை மறைக்காமல் திருத்த வேண்டும் என்று ஆடிட்டிங் புத்தகம் சொல்வதை அவர் புத்தகம் படிக்காமலே செய்துகொண்டிருந்தார். வங்கியிலிருந்து வரும் வட்டிக்கு ஒரு தனிப் பக்கம். அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வியாபாரத்துக்குள் வராது. யாருக்குத் தேவையோ அவர்களுக்குப் போகும், புண்ணியக் கணக்கில்கூடச் சேராது. வரிக்கு அது வருமானம்தான். வருமானத்தில் காட்டி வரி கட்டிவிட்டு, பணத்தை மட்டும் தொடாமல் வைத்திருப்பார்கள்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் பிராசஸ் காஸ்டிங் என்று ஒரு பாடம். எத்தனையோ மாணவர்கள் அதில்தான் தடுக்கி விழுந்தார்கள். எனக்கு அது புரிந்தது ஒரே நாளில், முன்ஷி பாயின் டேனரியில். அது 1989 மார்ச் 31. அதுவரை ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு வசதியான நாளில் வருஷத்தை முடித்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு முடிப்பவர்கள் உண்டு, ஜூனில் முடிப்பவர்கள் உண்டு, டிசம்பரில் முடிப்பவர்கள் உண்டு. ஆடிட்டர்களுக்கும் வேலை வருஷம் முழுக்கப் பரவி வரும். அந்த வருஷத்திலிருந்து வருமான வரிக்கு எல்லோருக்கும் மார்ச் 31தான் என்று சட்டம் வந்துவிட்டது. நாட்டில் உள்ள எல்லா ஆர்ட்டிகிள்ஸ் பையன்களும் ஒரே நாளில் யாரோ ஒருவருடைய குடோனில் நின்றிருப்பார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. டேனரிக்கு விடுமுறை, சரக்கு எதுவும் நகராது, எண்ணுவதற்குத் தோதான நாள். ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் வந்தபிறகு ஆரம்பித்தோம். முதலில் பச்சைத் தோல் குடோன். உப்புத் தடவி மடித்து அடுக்கிய ஆட்டுத் தோல்கள். தரையெல்லாம் உப்பு நீர், செருப்பு ஒட்டிக்கொள்ளும். மேஸ்திரி ஒவ்வொரு அடுக்காகத் தட்டி எண்ணிச் சொல்ல நான் எழுதினேன். ‘லாபம்’ என்றுதான் எண்ணிக்கை தொடங்கும், பிறகுதான் ரெண்டு, மூணு. அடுத்தது ஊறல் தொட்டி, அதற்கடுத்தது சுண்ணாம்புக் குழி. குழிக்குள் இருப்பதை எடுத்து எண்ண முடியாது. குழிக்கு மேலே தொங்கும் சிலேட்டில் எழுதிய லாட் எண்ணையும் பீஸையும் பார்த்துக்கொண்டு, நீளக் கொக்கியால் ஒன்றிரண்டைத் தூக்கிப் பார்த்து மயிர் எந்த அளவுக்குக் கழன்றிருக்கிறது என்று மேஸ்திரி சொல்வார். “இது மூணாம் நாள். இது நாளைக்கு வெளிய வரும்.” அப்புறம் ட்ரம்மிலிருந்து இறங்கி நீலநிறத்தில் ஈரமாகக் குவிந்திருக்கும் வெட் ப்ளூ. அதைத் தாண்டி, காய்ந்த கிரஸ்ட். கடைசியில் சதுர அடியில் அளந்து பின்பக்கம் எண் எழுதி அடுக்கிய ஃபினிஷ்டு சரக்கு.

ஒரு தோல் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் அடக்கவிலை மாறும். குழியில் இருக்கும் தோலில் சுண்ணாம்பும் கூலியும் பாதி ஏறியிருக்கும், குரோம் ஏறியிருக்காது. பாதி வேலை முடிந்த நூறு தோலை வேலையளவில் ஐம்பது முழுத் தோலுக்குச் சமமாகக் கொள்ள வேண்டும். இதைத்தான் புத்தகம் ஈக்விவலன்ட் யூனிட் என்கிறது. சதைப்பற்றைச் சீவி எடுத்து வஜ்ரம் காய்ச்சுகிறவர்களுக்கு விற்பார்கள், அது உபபொருள். வழக்கமாகக் கெட்டுப்போகும் தோல் நார்மல் லாஸ், அதன் செலவை நல்ல தோல்கள் சுமக்கும். கரண்ட் போய் ட்ரம் நின்று ஒரு லாட்டே வீணானால் அது அப்நார்மல் லாஸ், நேராக லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். அன்று சாயங்காலம் மேஸ்திரி சொல்லச் சொல்ல நான் எழுதிய தாள்களில் அந்தப் பாடம் முழுக்க இருந்தது. மேஸ்திரிக்குப் படிப்பு கிடையாது. எனக்கு வாய்த்த காஸ்டிங் வாத்தியார்களில் அவருக்கு இணையாக ஒருவரையும் சொல்ல மாட்டேன்.

அந்த வருஷம் ஏப்ரல் முதல் வாரம் கழிந்ததுமே ரமலான் பிறந்துவிட்டது. ஹிஜ்ரி வருஷம் சுமார் பதினொரு நாள் குறைவு என்பதால் நோன்பு ஒவ்வொரு வருஷமும் முன்னால் நகர்ந்து வரும். அப்போது அது சித்திரை வெயிலில் வந்துகொண்டிருந்தது. இந்த டேனரியில் ஜகாத்துக்கு ரமலான் பிறையைத்தான் கணக்கு நாளாக வைத்திருந்தார்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு வருஷ முடிவு. எங்கள் வேலை இன்னும் முடியாததால் நான் அங்கேயேதான் இருந்தேன். நான் எண்ணி எழுதிய அதே சரக்குப் பட்டியலை வாங்கி, நடுவில் வந்ததையும் போனதையும் சரிசெய்துகொண்டு, முன்ஷி பாய் பக்கத்து மேஜையில் தன் சிட்டாவைப் போட ஆரம்பித்தார். நாக்கு வறண்டிருக்கும், எழுத்து மட்டும் அசையாது.

நான் சரக்கை மதிப்பிட்டது எங்கள் முறைப்படி. அடக்கவிலை, விற்றால் வரக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அது. அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் 2 என்று 1981லேயே இன்ஸ்டிட்யூட் வெளியிட்டிருந்ததை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் சிட்டாவில் அதே தோலுக்கு வேறு விலை. சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளின் அன்றைய விலை. விற்றால் இன்றைக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு, லாபத்தோடு சேர்த்து. அதோடு கையில் இருக்கும் ரொக்கம், வர வேண்டிய பாக்கி. ட்ரம், மிஷின், கட்டடம் எதுவும் இல்லை, அவற்றுக்கு ஜகாத் கிடையாது. எல்லாவற்றையும் கூட்டி, கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, மிச்சத்தில் நாற்பதில் ஒரு பங்கு.

ஒரே தோலுக்கு எப்படி இரண்டு விலை என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “உன் கணக்க யாரு படிப்பா? பேங்க்காரன் படிப்பான், கடன் குடுக்கறவன் படிப்பான். அவன் ஏமாறக் கூடாது. அதனால நீ சொத்தக் கொறச்சு எழுதற. என் கணக்கு யாருக்கு? ஏழைக்கு. அவன் ஏமாறக் கூடாது. அதனால நான் கொறைக்க மாட்டேன். ரெண்டு பேருமே பயந்துதான் எழுதறோம் தம்பி. யாருக்காகப் பயப்படறோம்கறதுதான் வேற.”

ப்ரூடன்ஸ் என்ற தலைப்பில் எத்தனையோ பக்கம் படித்திருந்தேன். நஷ்டத்தை எதிர்பார்த்து எழுது, லாபத்தை வந்தபின் எழுது என்று விதி தெரியும். யாருக்காக அந்த எச்சரிக்கை என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. பின்னாளில் ஃபைனல் பரீட்சையில் சரக்கு மதிப்பீட்டைப் பற்றி விளக்கி எழுத வேண்டி வந்தபோது அந்த மேஜையை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

மே மாதப் பரீட்சைக்கு நான் படித்த ராத்திரிகளும் அந்த நோன்பு ராத்திரிகள்தான். எங்கள் தெருவில் விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழுப்ப ஃபக்கீர்கள் தாயிரா கொட்டிப் பாடிக்கொண்டு வருவார்கள். தெரு முழுக்க விளக்கு எரியும், அடுப்பு எரியும். எனக்குத் தனியாக அலாரம் வேண்டியிருக்கவில்லை. அந்த நேரத்தில் எழுந்து மொட்டை மாடியில் உட்கார்ந்தால் விடியும் வரை கம்பெனிச் சட்டம் ஓடும். சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி ஒரு தூக்கில் வந்துவிடும். “படிக்கிற புள்ளைக்கு” என்று தனியாகக் கொஞ்சம் கறி போட்டு அனுப்புவார் பக்கத்து வீட்டு அம்மா. அந்த வீடு இப்போது இடித்துக் கட்டப்பட்டு அடுக்குமாடியாகிவிட்டது.

வேலூரில் தங்கிப் படித்த நாட்களில் தொரப்பாடிப் பக்கம் ஒரு நண்பன் வீட்டுக்குப் போவேன். வழியில் மத்தியச் சிறையின் மதில் வரும். அந்த மதிலுக்கும் எங்கள் படிப்புக்கும் உள்ள உறவை ஒருநாள் எங்கள் பிரின்சிபல் சொன்னார். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் ஆர். சிவபோகம், 1907ல் சென்னையில் பிறந்தவர். சமூகச் சீர்திருத்தவாதி ‘சகோதரி’ சுப்புலட்சுமியிடம் பெற்ற எண்ணங்களோடு சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தார். வெளியே போனதும் கணக்குத் தணிக்கை படிப்பது என்று முடிவுசெய்தது அந்தச் சிறைவாசத்தில்தான். 1933ல் பாஸ் செய்தார். சிறை சென்றவர்கள் தணிக்கையாளராகப் பதிய முடியாது என்று சட்டம் குறுக்கே நின்றது. அதை எதிர்த்து வழக்காடி வென்று, 1937ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். நாடு விடுதலையாகி 1949ல் இன்ஸ்டிட்யூட் பிறந்தபின், அதன் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கு 1955லிருந்து 1958 வரை தலைவராக இருந்தார். கடைசிவரை கதர்தான் கட்டினார். பரீட்சையில் ஃபெயிலான எங்கள் ஆபீஸ் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தபோதுதான் பிரின்சிபல் இந்தக் கதையைச் சொன்னார். அவள் அடுத்த அட்டெம்ப்டுக்குக் கட்டணம் கட்டினாள். வேலூரில் இன்ஸ்டிட்யூட்டுக்கு இப்போது கிளை இருக்கிறது. இன்ஸ்டிட்யூட் பிறந்த நாளான ஜூலை 1ஆம் தேதி ஒவ்வொரு வருஷமும் அங்கே சிவபோகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

தோல் எங்கள் பாடப்புத்தகத்திலும் இருந்தது. விற்பனை வரி படிக்கும்போது மெஹ்தாப் மஜீத் கம்பெனி வழக்கு வரும். வெளி மாநிலத்தில் பதனிட்டு இங்கே கொண்டுவந்து விற்கும் தோலுக்குக் கூடுதல் வரிச்சுமை விழும்படி சென்னை மாநில விதி இருந்தது. அந்தப் பாகுபாடு அரசியல் சட்டத்தின் 304ஆம் பிரிவுக்கு முரண் என்று அறுபதுகளின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. டெல்லி மாணவனும் பம்பாய் மாணவனும் அதை ஒரு வழக்கின் பெயராக மனப்பாடம் செய்திருப்பார்கள். எங்களுக்கு அது ஜன்னலைத் திறந்தால் மணக்கும் விஷயம்.

1991 வந்தது. ஜூலை மாத முதல் மூன்று நாளில் ரூபாயின் மதிப்பை இரண்டு முறை குறைத்தார்கள். அந்நியச் செலாவணி வித்தியாசத்தை எப்படி எழுதுவது என்று படித்துக்கொண்டிருந்த பாடம் ஒரே ராத்திரியில் ஊர்ப் பேச்சாயிற்று. டாலரில் பில் போட்டவர்களுக்கு வரவு கூடியது, வெளிநாட்டிலிருந்து கெமிக்கலும் மிஷினும் கடனில் எடுத்தவர்களுக்குக் கடன் கூடியது. சோவியத் நாட்டுக்கு ரூபாய்க் கணக்கில் ஷூ அப்பர் அனுப்பியவர்கள் நிலைமை வேறு. டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போயிற்று. வர வேண்டிய பாக்கியை எந்தத் தலைப்பில் வைப்பது என்று பிரின்சிபலிடம் வந்து உட்கார்ந்திருந்த ஒரு முதலாளியின் முகம் எனக்கு மறக்காது.

அந்த நவம்பரில்தான் ஃபைனல் கடைசியாக எழுதினேன். ஒவ்வொரு பேப்பரிலும் நாற்பது, குரூப் மொத்தத்தில் ஐம்பது சதவீதம். தனித்தனியாக எல்லாவற்றிலும் நாற்பது தாண்டி, கூட்டுத்தொகையில் விழுந்தவர்கள் எங்களில் ஏராளம். பரீட்சைக்குச் சென்னை போக வேண்டும். லாட்ஜில் தங்கப் பணம் இல்லை என்று தெரிந்து, முன்ஷி பாய் பெரியமேட்டில் ஒரு தோல் மண்டிக்குக் கடிதம் கொடுத்தார். மண்டிக்கு மேலே ஒரு சின்ன அறை. கீழே கட்டுக் கட்டாகத் தோல், மேலே நான். பரீட்சை நாட்களில் மண்டி ஆட்கள் சத்தம் போடாமல் கட்டு இறக்கினார்கள். ஜனவரியில் இன்ஸ்டிட்யூட்டின் நுங்கம்பாக்கம் ஆபீஸ் போர்டில் என் எண்ணைப் பார்த்துவிட்டு முதலில் போனது அந்த மண்டிக்குத்தான். அங்கிருந்துதான் ஆம்பூருக்கு டிரங்க் கால் போட்டார்கள். அப்பாவுக்கு முன்பு முன்ஷி பாய்க்குச் செய்தி போயிற்று.

பாஸான சந்தோஷத்தை எழுதும்போதே இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். சின்ன வயதில் பாலாற்று மணலைக் கையால் தோண்டினால் ஊற்று வரும். அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறோம். நான் தொழிலுக்கு வந்தபோது டேனரிக் கழிவுநீரால் ஆற்றோரக் கிணறுகள் உப்பாகிவிட்டிருந்தன, தென்னைகள் குலை தள்ளவில்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்பதை இந்திய மண்ணின் சட்டம் என்று அறிவித்தது. டேனரிகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் போட்டது. அந்தப் பத்தாயிரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது, வரிக்குக் கழிக்கலாமா என்று எங்களிடம் கேள்விகள் வந்தன. பதில் சொன்னோம். ஆனால் நான் படித்த புத்தகங்களில் வரக்கூடிய பொறுப்புகளுக்குக் கொடுத்த உதாரணங்களெல்லாம் தள்ளுபடி செய்த பில், ஜாமீன், தகராறில் உள்ள வரி, இவைதான். ஆறு எங்கேயும் இல்லை. கடனைக் கழித்தபிறகுதான் ஜகாத் என்று முன்ஷி பாய் சொல்வார். பாலாற்றங்கரை விவசாயிக்குப் பட்ட கடன் அவர் ஐந்தொகையிலும் இல்லை, எங்கள் ஐந்தொகையிலும் இல்லை. 2025 ஜனவரி 30ல்கூட உச்ச நீதிமன்றம் இந்த இழப்பீட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நாங்கள் கையெழுத்துப் போட்ட கணக்குகளில் இருந்த பெரிய விடுபாடு இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஆர்ட்டிகிள்ஸ் இரண்டு வருஷம்தான். வகுப்பு கைபேசியில் வருகிறது, பரீட்சையை வேலூரிலேயே எழுதலாம். இதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. பெரியமேட்டுக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு யாரும் போக வேண்டியதில்லை என்பது நல்லதுதான். ஆனால் சுண்ணாம்புக் குழி ஓரத்தில் ஒரு மேஸ்திரியோடு நின்று சரக்கு எண்ணாமல் சரக்கு ஆடிட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அது எனக்குக் கவலை தருகிறது.

முன்ஷி பாய் மவுத்தாகிப் பல வருஷம் ஆகிறது. அவர் எழுதிய பேரேடுகள் எங்கே என்று ஒருமுறை விசாரித்தேன். டேனரி கைமாறியபோது பழைய பேப்பருக்கு எடைபோட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஜகாத் சிட்டாக்களும் அதில் போயிருக்கின்றன. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு வருஷம் வைத்திருந்தால் போதும், அதனால் சட்டத்தின்படி யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் அத்தனை வருஷத்து ஆட்டுத் தோல் விலை, ஆவாரம் பட்டை விலை, சுண்ணாம்பு விலை, குழி ஆளின் கூலி, நோன்பில் யார் யாருக்கு எவ்வளவு போயிற்று என்ற விவரம், இத்தனையும் வேறெங்கே எழுதியிருக்கிறது?

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ மேல்விஷாரத்திலோ ராணிப்பேட்டையிலோ உங்கள் வீட்டுப் பரணில், குடோன் மூலையில் சிவப்புத் துணி உறை போட்ட பழைய பேரேடோ, உருதுச் சிட்டாவோ இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். ஆடிட்டருக்குப் படிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு நாள் உட்கார்ந்து அதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.